வேலைக்கென்று ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்டு மீண்டவர்களுக்கு உதவப் போய்த் தவறிய இடம்: உங்கள் அனுபவம் என்ன?

இரணியல்காரி:
குவைத்தில் வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண். வயது 26. இசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் 30 ஆகாத பெண்ணுக்கு அந்த வேலைக்கு அனுமதி தரமாட்டார்கள். ஏஜென்ட் விசிட் விசாவில் ஏற்றிவிட்டான். மீதிக் கதை நம் மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. நான் அவளுக்குத் துணைக்குப் போகும் தன்னார்வலர். ஞாயிறு ஆராதனையில், "மீண்டு வந்த மகள் சாட்சி சொல்லட்டும்" என்று மைக்கை நீட்டினார்கள். மனபாரம் இறங்கும் என்று நானும் தலையாட்டினேன். மைக்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு முன்வரிசையையே பார்த்தாள். "ஸ்தோத்திரம்" என்றாள். அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த சித்தப்பாதான் அவளை ஏஜென்டிடம் கூட்டிப்போனவர் என்று மறுநாள் தெரிந்தது. வெளுத்துப்போன அந்த விரல்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கடியப்பட்டணம் அலை:
இதற்காகச் சபையைக் குறை சொல்லாதீர்கள். காவல் நிலையப் படியேறக் கூசும் எங்கள் கடற்கரைப் பெண்கள் பங்குத்தந்தை வீட்டுக்குத்தான் வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா விசாரணையில் வாயே திறக்கவில்லை. அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) பக்கத்தில் உட்கார்ந்து தோலுரித்த கன்னியாஸ்திரியிடம் எல்லாவற்றையும் கொட்டினார், தலைநிமிராமலே.

தோவாளை மாமா:
செங்கல் சூளையில் மீட்ட ஜார்க்கண்ட் பெண்ணுக்கு மொழிபெயர்க்க வந்தவன் கங்காணியின் ஆள். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் அவன் ஒரு சொல் சொன்னான். இனி இதைக் கவனியுங்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இந்திக்காரர்கள் இல்லை. பேசும் மொழி சந்தாலியா, சாத்ரியா என்று முதலில் கேளுங்கள். பேச்சைத் தொடங்குமுன் உறவுக்காரர்களை வெளியே அனுப்புங்கள். வீட்டுக்குச் சொல்லலாமா, யாரிடம் சொல்லலாம் என்பதை அவளே முடிவுசெய்யட்டும். கொத்தடிமை வேலை என்றால் 1976 சட்டப்படி விடுதலைச் சான்றிதழ் வாங்காமல் ரயிலேற்றாதீர்கள். அது இல்லாவிட்டால் நிவாரணப் பணத்துக்கு அலையவேண்டியதுதான். பெண்கள் உதவி எண் 181ஐ அழைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கூடவே இருங்கள். "எப்படி ஏமாந்தாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும்...

இரணியல்காரி:
மாமா, நான் அறிவுரை கேட்கவில்லை. கடியப்பட்டணம், சபையையும் குறை சொல்லவில்லை, தலையாட்டியது நான். அவள் இப்போது இரண்டாம் ஆராதனைக்கு வருகிறாள். சித்தப்பா முதல் ஆராதனைக்குத்தான் வருவார்.