கிரிப் கோக் தனியாக: காற்று 25 மைல், மதியத்துக்கு மேல் மழை. போகலாமா?

பிரிஸ்டல்வாசி:
செப்டம்பர் கடைசி சனிக்கிழமை வேல்ஸில் கிரிப் கோக் முகட்டைத் தனியாகக் கடக்கத் திட்டம். பென்-இ-பாஸ் வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்கி, பிக் பாதையில் புல்க் இ மோக் கணவாய் வரை நடந்து, அங்கிருந்து முகடு, கார்னெத் இகைன், ஸ்னோடன் உச்சி. இறங்குவது பிக் பாதையிலேயே. இங்கிலாந்தின் ஹெல்வெலின் மலையில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகட்டை இரண்டு முறை முடித்த அனுபவம் உண்டு, வடம் கட்டி ஏறிப் பழக்கம் இல்லை. இப்போதைய முன்னறிவிப்பு: தென்மேற்குக் காற்று மணிக்கு 25 மைல், இடையிடையே திடீர் வீச்சு 40 வரை, காலையில் மழை இல்லை, 1 மணிக்கு மேல் விட்டுவிட்டு மழை. எவ்வளவு காற்று வரை சரி? எந்த இடம் வரை திரும்பலாம்? என்னென்ன எடுத்துப்போவது?

மலைக்காகம்:
முதலில் அந்த 25 எந்த உயரத்துக்கான எண் என்று பாருங்கள். செல்போன் ஆப்பில் லான்பெரிஸ் என்று தட்டினால் கிடைப்பது பள்ளத்தாக்கின் காற்று. கிரிப் கோக் 923 மீட்டர். பிரிட்டன் வானிலை மையமான மெட் ஆபீஸின் மலை முன்னறிவிப்பில் 900 மீட்டருக்கான வரி தனியாக இருக்கும். அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் சராசரியை விட்டுவிட்டு வீச்சைப் பாருங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. 20 மைலில் சிரித்துக்கொண்டே நடப்பவர் 40 மைல் வீச்சில் பாறையைக் கட்டிப்பிடித்து உட்கார வேண்டியிருக்கும். கத்தி முனை போன்ற முகட்டில், தனி ஆளுக்கு, வீச்சு 30ஐத் தாண்டினால் என் கணக்கில் அந்த நாள் இல்லை.

திசையும் முக்கியம். முகடு ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. மேற்கு நோக்கிப் போகும்போது வழக்கமான முறை, கால்களை முகட்டுக்குச் சற்றுக் கீழே இடப்பக்கத்தில், அதாவது கிளாஸ்லின் ஏரிப் பக்கத்தில் வைத்து, முகட்டின் விளிம்பையே கைப்பிடியாகப் பிடித்துப் போவது. தென்மேற்குக் காற்று உங்களைப் பாறை மேல் அழுத்தும். கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நிற்கிறீர்கள், வீச்சு சட்டென்று நின்றால் உடம்பு வெளிப்பக்கம் போகும். வடக்குக் காற்று இன்னும் மோசம், நேராகவே பிய்த்தெடுக்கும்.

திரும்பும் இடம் பற்றி: முடிவெடுக்க இரண்டே இடம். ஒன்று புல்க் இ மோக், பென்-இ-பாஸிலிருந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். இன்னொன்று, அங்கிருந்து ஏறும் கிழக்குச் சரிவில் கைவைத்து ஏற வேண்டிய பாறை தொடங்கும் இடம். அதற்கு மேல் போய்விட்டால் முகட்டின் மறுமுனையில் உள்ள புல்க் கோக் தாழ்வு வரும்வரை நல்ல வெளிவழி கிடையாது. கிழக்குச் சரிவில் ஏறிய பாறையிலேயே இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், நனைந்திருந்தால் இரண்டு மடங்கு. இடையில் பயந்துபோய்த் தெற்கே ஏரியைப் பார்த்து இறங்கத் தொடங்குபவர்கள்தான் செங்குத்துப் பாறையில் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே பிக் பாதை கண்ணுக்குத் தெரியும், கால் போகாது.

நேரக் கணக்கு: கணவாயிலிருந்து முகட்டுத் தலைக்கு ஒரு மணி, முகடும் பினக்கிள்களும் (முகட்டின் மேல் நிற்கும் கூர்ப்பாறைகள்) சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை மணி. 1 மணிக்கு மழை என்றால் 11 மணிக்குள் புல்க் கோக்கில் இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்; தொடக்கம் 7க்கு. முன்னறிவிப்பில் மழை இரண்டு மணி நேரம் முந்துவது அங்கே சகஜம். பிரிட்டனிலேயே மிக அதிகம் மழை வாங்கும் இடங்களில் கிரிப் கோக் ஒன்று, ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல்.

வன்னியான்:
தம்பி, காகம் சொன்னதில ஒரு திருத்தம். வீச்சு 30 எண்டது ரெண்டு பேர் போறதுக்குச் சரி. தனியாப் போறதெண்டால், அதுவும் முதல் தரம் எண்டால், 25க்கு மேல வேண்டாம். ஸ்ட்ரைடிங் எட்ஜில பயம் வந்தால் கீழ ஒரு பாதை இருக்குது. இங்க அப்பிடி இல்லை.

பினக்கிள் மூண்டு. முதல் ரெண்டையும் இடப்பக்கத்தாலை சுத்திப் போகலாம், மூண்டாவதில ஏறித்தான் போகவேணும். ஆக்கள் தொட்டுத் தொட்டு வழுவழுத்த பிடிகள் அங்க கனக்க. காய்ஞ்சிருந்தால் பிரச்சினை இல்லை. ஈரத்தில சப்பாத்து வழுக்கும். வெறும் ஓட்டச் சப்பாத்து வேண்டாம், விளிம்பில நிக்கிற அளவுக்கு அடி விறைப்பா இருக்கவேணும்.

மழைச் சட்டையை மழை வந்தபிறகு போடலாம் எண்டு நினைக்காதேங்கோ. முகட்டில பையைக் கழட்டி, காத்துக்குள்ள சட்டை மாத்திறதுதான் ஆபத்து. கணவாயிலேயே போட்டிட்டு ஏறுங்கோ. நடைக்கம்பை மடிச்சுப் பைக்கு உள்ள வையுங்கோ, வெளியால கட்டினால் பாறையில கொளுவும். பை அஞ்சாறு கிலோவுக்கு மேல போகக்கூடாது. ஹெல்மெட், தலை விளக்கு, ரெண்டு சோடி கையுறை (ஒண்டு நனைஞ்சால் மற்றது), விசில், உயிர்காப்புப் பை (அவசரத்தில உள்ள புகுந்து சூடு காக்கிற பெரிய பை), இந்த மலைப்பகுதிக்கான ஓஎல் 17 வரைபடமும் திசைகாட்டியும், போன் பவர் பேங்க் உடுப்புக்கு உள்ளுக்க. கை விறைச்சால் பிடி போச்சு, அதால கையுறை விசயத்தில கஞ்சத்தனம் வேண்டாம்.

பிரிஸ்டல்வாசி:
நன்றி இருவருக்கும். ஒரு 20 மீட்டர் வடம் எடுத்துப் போனால் உதவுமா? முகட்டின் நடுவில் மேகம் மூடினால் என்ன செய்வது?

மலைக்காகம்:
தனி ஆளுக்கு வடம் பாரம்தான். நிலைப்புள்ளி அமைக்கவும், இறங்கவும், மேலே இருந்து வடத்தை மீட்கவும் தெரியாமல் அதைத் தூக்கிப் போவது, முகட்டிலிருந்து இறங்கிவிடலாம் என்ற தவறான தைரியத்தைத்தான் தரும்.

மேகம் மூடினால் முகட்டில் வழி தவறுவது கடினம், இரண்டு பக்கமும் காற்றுவெளி. குழப்பம் அதற்கு முன்னும் பின்னும்தான் வரும். புல்க் இ மோக்கில் மூடுபனியில் பிக் பாதை என்று நினைத்துக் கிரிப் கோக்கில் ஏறிவிடுவது பழைய கதை. கார்னெத் இகைனிலிருந்து புல்க் கிளாஸ் கணவாய்க்கு இறங்கும்போது திசைகாட்டியைக் கையில் வைத்திருங்கள். அங்கே பிக் பாதை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு நட்டுவைத்த கல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கீழே திரும்ப வேண்டாம்.

மேக அடி எங்கே இருக்கும் என்று காலையிலேயே கணக்குப் போடலாம். பள்ளத்தாக்கின் வெப்பநிலையிலிருந்து பனிநிலைப் புள்ளியை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 125ஆல் பெருக்குங்கள். 14 டிகிரி, பனிநிலை 10 என்றால் அந்த இடத்திலிருந்து சுமார் 500 மீட்டர் மேலே மேகம் தொடங்கும். லான்பெரிஸ் கிராமம் கடல்மட்டத்துக்குச் சுமார் 100 மீட்டர் மேலே; ஆக 600. முகடு முழுக்க மேகத்துக்குள் என்று அர்த்தம், பாறையும் காலையிலேயே ஈரமாக இருக்கும், மழை பெய்யாவிட்டாலும்.

தனியாகப் போவதில் கூடுதல் சிக்கல், கணுக்கால் மடங்கினால்கூட யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒருவரிடம் வழி, வண்டி எண், திரும்பும் நேரம், எத்தனை மணி தாண்டினால் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அழைப்பது 999, முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்ல வேண்டும். முன்கூட்டியே 999க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிந்துவைத்தால், குரல் அழைப்புக்குப் போதாத சிக்னலிலும் செய்தி போக வாய்ப்புண்டு. விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்று ஊதலாக வரும். அதற்குப் பிறகும் ஊதுவதை நிறுத்தாதீர்கள், அவர்கள் சத்தத்தை வைத்துத்தான் தேடுவார்கள்.

வன்னியான்:
வீச்சு 40 எண்டு இப்பவே போட்டிருக்குதெண்டால், வெள்ளி பின்னேரம் வரை பாத்திட்டு, குறையாட்டி மோயல் ஷாபோட் மலையில டையார் தீ முகட்டுக்குப் போங்கோ. 872 மீட்டர். இதுவும் கிரிப் கோக் மாதிரி தரம் 1 ஸ்கிராம்பிள்தான் (கையும் வைச்சு ஏறுற பாறைவழி, ஆகச் சுலபமான தரம்), ஆனால் அகலம். கஷ்டமான பாறை வந்தால் பக்கத்தாலை விலகிப் போகலாம். மலையின்ர கிழக்குப் பக்கம் எண்டபடியால் மேற்குக் காத்துக்கு உச்சி மறைப்பு. தெற்காலை அடிச்சால் அந்த மறைப்பு குறையும், உச்சியில தலையைக் காட்டினவுடன முழுக் காத்தும் முகத்தில விழும். இறங்கிற வடகிழக்கு முகட்டில பெரிய கல்லுகள் கிடக்கு, மழையில நல்லா வழுக்கும், நேரம் கூட வையுங்கோ.

பிரிஸ்டல்வாசி:
சரி, வெள்ளி மாலை 900 மீட்டர் வரியில் வீச்சு 25க்குள் வந்தால் கிரிப் கோக், இல்லாவிட்டால் ஷாபோட். பென்-இ-பாஸில் காலை 7 மணிக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா?

மலைக்காகம்:
அந்தச் சீசனில் முன்பதிவு இல்லாமல் கிடைக்காது. பக்கத்துக் கிராமமான நான்ட் பெரிஸில் நிறுத்திவிட்டு, பென்-இ-பாஸுக்குப் போகும் ஷெர்பா பஸ்ஸில் ஏறலாம், ஆனால் முதல் பஸ்ஸின் நேரத்தைப் பார்த்துவிட்டு 7 மணிக் கணக்கைத் திருத்துங்கள். பஸ்ஸால் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால், அந்த ஒரு மணி நேரம் மழைக்கு முன் கையில் இருக்கும் நேரத்திலிருந்துதான் குறையும்.