‘பேங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கெங்கே எப்படித் தமிழில் எழுதுவது?

கேள்வி (மண்டபம், ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். மன்னார் வளைகுடாவைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு தமிழில் எழுதச் செய்து, பள்ளிக் கண்காட்சியில் வைக்க எண்ணியிருக்கிறேன். அக்கட்டுரையில் ‘பேங்க்’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. பிள்ளைகள் எல்லா இடங்களிலும் ‘வங்கி’ என்றே எழுதிவிட்டார்கள். சிப்பி விளையும் இடம் ‘முத்து வங்கி’ ஆகிவிட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடப்பவை ‘மணல் வங்கிகள்’ ஆகிவிட்டன. வைகையை ஒட்டிய ஒரு சிற்றூர் ஆற்றின் ‘இடது வங்கியில்’ இருப்பதாக ஒரு தாளில் கண்டேன்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அகராதியில் முதலில் நிற்கும் பொருளைத்தான் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பையனின் தந்தை கடலுக்குப் போகிறவர். “சிப்பி எங்கே கிடைக்கும் என்று உன் அப்பா சொல்லுவார்?” என்று அவனிடம் கேட்டேன். “பார்ல கெடக்கும் டீச்சர்” என்று உடனே சொன்னான். நாவில் இருந்த அந்தச் சொல்லைத் தாளில் எழுதலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. ‘பார்’ என்று எழுதினால் அது எழுத்துத் தமிழுக்குப் பொருந்துமா? மற்ற இடங்களில் எதை எழுதுவது? இத்தனை பொருள்கள் ஒரே சொல்லில் எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பதில் 1 (தூத்துக்குடி, மொழிபெயர்ப்பாளர்)

அம்மா, தயங்காமல் ‘பார்’ என்றே எழுதச் சொல்லுங்கள். அது கொச்சைச் சொல் அன்று. முத்துக்குளித்துறையில் கடலடிப் பாறைத்தளத்துக்குத் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பெயர் அது. எங்கள் கடலில் ‘தொள்ளாயிரம் பார்’ என்று பெயர் பெற்ற இடமே உண்டு. ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அந்தக் கல் தளங்களை முத்துச்சிப்பி தன் நார்க்கற்றையால் பற்றிக்கொண்டு வளர்கிறது. இங்கே 1961-இல் நடந்த குளிப்போடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் வலை விரிக்கிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும் இன்றும் பார் கணக்கு வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள்.

உங்கள் ஊரையே சான்றாகச் சொல்லலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. அந்த நிலையத்தின் ஆங்கில வெளியீடுகளில் முத்துச்சிப்பித் தளங்களைச் சொல்லும்போது ‘பேங்க்’ என்ற சொல்லோடு ‘பார்’ என்ற நம் சொல்லையும் ரோமன் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதிய அறிவியலாளர்களே எடுத்து ஆண்ட சொல்லை நம் பிள்ளைகள் தமிழில் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

‘பார்’ என்றால் உலகம் என்றும் பொருள், காண் என்றும் பொருள். குழப்பம் வராதிருக்க முதல் இடத்தில் ‘முத்துச்சிப்பிப் பார்’ என்று முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் ‘பார்’ என்று மட்டும் எழுதினால் போதும். கட்டுரையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள ‘வாட்ஜ் பேங்க்’ வந்தால், அது மீன் செழித்த கடலடி மேட்டின் இடப்பெயர் என்பதால் பெயரை அப்படியே வைத்து, ‘என்னும் கடலடி மேடு’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (கீழக்கரை, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப்பற்று உண்டு. ஆங்கில அகராதிகள் இதை ஒரே சொல்லாகக் காட்டுவதில்லை. மேடு, கரை என்ற பொருள்களில் வருவது வட ஐரோப்பிய மொழிவழி வந்தது. பணம் வைக்கும் இடத்தைக் குறிப்பது இத்தாலிய மொழியில் பலகை என்று பொருள்படும் ‘பாங்கா’விலிருந்து வந்தது, காசு மாற்றுகிறவர்கள் தம் முன்னே போட்டிருந்த பலகை அது. திவாலானவனைச் சொல்லும் ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல்லில் உடைந்த பலகை ஒளிந்திருக்கிறது. ஆனால் மேலே போய்ப் பார்த்தால் இவ்விரண்டும் ஒரே ஜெர்மானிய வேரில் கூடிவிடுகின்றன. உங்கள் வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சும் அந்த வேரில் பிறந்ததே. நீளமாக உயர்ந்து கிடப்பது என்ற உருவத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பொருள்கள் தாமே விளங்கிவிடும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள், ஏனெனில் அங்கேயும் சரிவு இருக்கிறது.

எங்கள் வீட்டில் என் தாயார் இரவுச் சமையல் முடிந்ததும் விறகடுப்பில் எஞ்சிய கங்குகளை ஓரமாக ஒதுக்கி, அகப்பைக் காம்பால் சாம்பலை அவற்றின் மேல் குவித்து மூடிவிடுவார்கள். விடியற்காலையில் சாம்பலைக் கிளறி, நாலு தென்னஞ்செத்தையை வைத்து ஊதினால் நெருப்பு எழும்பும். அப்படி மூடி வைப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைச்சொல்தான். அதை ‘வங்கியிட்டாள்’ என்று யாரும் எழுத முடியாது. ‘கங்குகளை மூடி வைத்தாள்’ என்றுதான் எழுத முடியும்.

இரத்த வங்கி, விதை வங்கி, வினா வங்கி ஆகியவற்றில் மட்டும் ‘வங்கி’ சரியாக உட்காருகிறது, ஏனெனில் சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது எடுப்பது என்ற செயல் அங்கே உண்மையாகவே நடக்கிறது. வங்கி என்பது நம் பாட்டிமார் மேற்கையில் அணிந்த நகைக்கும் பெயர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பல பொருள் தாங்குவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று.

பதில் 3 (இராமேஸ்வரம், மீனவர் வீட்டுப் பெண்)

டீச்சர், தனுஷ்கோடி நிலம் முடியும் அரிச்சல்முனைக்கு அப்பால் இருப்பவற்றைச் செய்தித்தாள்கள் ‘மணல் திட்டு’ என்று எழுதுகின்றன, அதுவும் தவறில்லை. எங்கள் வீட்டில் ‘தீடை’ என்போம். ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண்ணிச் சொல்வது வழக்கம். திட்டு என்று குளத்துக்கு நடுவே நிலையாக நிற்கும் மேட்டையும் சொல்லலாம். தீடை அப்படி நிற்பதில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஒரு பக்கம் தின்னப்பட்டு வாடையில் இன்னொரு பக்கம் வளரும். சிறுவயதில் அப்பாவுடன் ஒரு தீடையில் இறங்கியிருக்கிறேன். ஓரத்தில் கால் வைத்த இடமெல்லாம் பொதபொதவென்று உள்வாங்கியது, நடுவில் மட்டும் மணல் கெட்டியாக இருந்தது, ஆலாப் பறவைகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. அந்த இடத்துக்கு ‘மணல் தீடை’ என்பதே தகுந்த சொல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வைகைக்கு ‘இடது கரை’ என்றும் எழுத வேண்டாம். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வருவதை ஆங்கிலேயர் இடது என்பார்கள். நம் மரபு திசையைச் சொல்வது. காவிரிக்கு வடகரைத் தலங்கள் 63 என்று தேவாரத் தலங்களைக்கூட அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் வைகை கிழக்கு நோக்கி ஓடுவதால் இடது என்பது வடகரை.

கேட்டவரின் மறுமொழி (மண்டபம், ஆசிரியை)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வகுப்பில் ‘முத்துச்சிப்பிப் பார்’, ‘மணல் தீடை’, ‘வைகையின் வடகரை’ என்ற மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் பழைய தாள்களைத் திருத்தச் சொன்னேன். பெஞ்சும் வங்கியும் ஒரே வேரில் பிறந்தவை என்றதும் பிள்ளைகள் தாங்கள் உட்கார்ந்திருந்த பலகையைக் குனிந்து பார்த்தார்கள். பார் என்று சொன்ன பையனிடம், அவன் தந்தைக்குத் தெரிந்த பார்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வரும்படி சொல்லியிருக்கிறேன். அவற்றையும் கண்காட்சிக் கட்டுரையின் கீழே சேர்க்கப் போகிறோம்.