செனட்டில் பெரும்பான்மை இருந்தும் உயர் பதவிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன?

மதுரை ஆசிரியை:
போட்டித் தேர்வு எழுதுவோருக்கு அரசியலமைப்புப் பாடம் நடத்துகிறேன். நம் நாட்டில் பிரதமர் பட்டியல் கொடுத்தால் அமைச்சர்கள் பதவியேற்றுவிடுகிறார்கள். அமெரிக்காவில் அதிபர் ஒருவரை முன்மொழிந்தாலும் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி, "அதிபரின் கட்சிக்கே செனட்டில் பெரும்பான்மை இருக்கும்போது, உதவி அமைச்சர் பதவிகள்கூட ஏன் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன?" என்று கேட்டாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொட்டோமாக் கரை:
உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நான் வாஷிங்டன் அருகே, மத்திய அரசுத் துறை ஒன்றுக்கு ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன். இந்தக் காலியிடங்களோடுதான் என் பிழைப்பு.

செய்தியில் அடிபடுவது அமைச்சர்கள் மட்டுமே. 2017-இல் கல்வித் துறைக்கு பெட்சி டிவோஸ், 2025-இல் பாதுகாப்புத் துறைக்கு பீட் ஹெக்செத், இருவருக்கும் செனட்டில் 50-50. துணை அதிபர் வாக்களித்துக் கரையேற்றினார். ஆனால் செனட் ஒப்புதல் தேவைப்படும் பதவிகள் ஆயிரத்துக்கும் மேல். துணை அமைச்சர்கள், உதவி அமைச்சர்கள், தூதர்கள் எல்லாம் அதில் அடக்கம்.

இத்தனை பேருக்கும் தனித்தனியாக வாக்கெடுப்பு நடத்த அவைக்கு நேரம் கிடையாது. யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் நொடியில் முடித்துவிடலாம். சென்னையில் பிறந்த சேதுராமன் பஞ்சநாதன் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு இயக்குநரானது அப்படித்தான். அவருக்கே 2019 டிசம்பரில் பெயர் அறிவித்து 2020 ஜூனில்தான் ஒப்புதல். நூறு பேரில் ஒரே ஒரு செனட்டர் மறுத்தாலும் அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும். பிறகு விவாதத்தை முடிக்க ஒரு வாக்கெடுப்பு, ஒப்புதலுக்கு இன்னொன்று. 2013-க்குப் பிறகு இரண்டுக்குமே சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆக, வாக்குக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம்.

2023-இல் டாமி டியூபர்வில் என்ற ஒரே செனட்டர், கருக்கலைப்புக்காகப் பயணம் செய்யும் படையினருக்குப் பாதுகாப்புத் துறை செலவுப் பணம் கொடுத்த கொள்கையை எதிர்த்து, இப்படி மறுத்தே நானூறுக்கும் மேற்பட்ட ராணுவப் பதவி உயர்வுகளை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். அந்த அதிகாரிகளுக்கும் அக்கொள்கைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

இடத்தை நிரப்ப வருபவர் 'பொறுப்பு' அதிகாரி. என் அனுபவத்தில் அவர்களில் பலர் நேர்மையான, திறமையான மனிதர்கள். ஆனாலும் பெரிய முடிவு எதையும் எடுக்க மாட்டார்கள். "புதியவர் வரட்டும்" என்று கோப்பை ஒதுக்கி வைப்பார்கள். கீழே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

பழைய நிருபர்:
தாமதம் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் செனட் ஒப்புதல் என்ற தடையைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. 1989-இல் ஜான் டவரைப் பாதுகாப்பு அமைச்சராக்க அதிபர் மூத்த புஷ் விரும்பினார். குடிப்பழக்கம், ஆயுத நிறுவனங்களுடனான தொடர்பு என்று கேள்விகள் எழுந்தன. அவரே முன்னாள் செனட்டர், இருந்தும் செனட் 47-53 என்று நிராகரித்தது. 2021-இல் பட்ஜெட் அலுவலக இயக்குநர் பதவிக்கு அதிபர் பைடன் முன்மொழிந்த நீரா டாண்டன் விலகியதும் சொந்தக் கட்சி செனட்டர் ஒருவர் கைவிரித்ததால்தான்.

2025 செப்டம்பரில் விதியை மாற்றி, 48 பேருக்கு ஒரே வாக்கெடுப்பில் 51-47 என்று ஒப்புதல் கொடுத்தார்கள். ஒருவரைப் பிடிக்காவிட்டால் மற்ற 47 பேரையும் சேர்த்து எதிர்க்க வேண்டும். இதைப் பரிசீலனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதுரை ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. பொறுப்பு அதிகாரி எத்தனை காலம் நீடிக்கலாம்?

பொட்டோமாக் கரை:
1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 210 நாள். புதிய அதிபர் வரும்போது இன்னும் கொஞ்சம் கூடும். யாரையாவது முன்மொழிந்துவிட்டால், அது நிலுவையில் இருக்கும்வரை நீடிக்கலாம். கூட்டத்தொடர் முடியும்போது முடிவாகாத பெயர்களை செனட் பொதுவாக வெள்ளை மாளிகைக்கே திருப்பி அனுப்பிவிடும். அதிபர் மறுபடியும் அனுப்ப வேண்டும். நிருபர் ஐயா சொன்ன கட்டு வாக்கெடுப்பு எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் செனட் குழு நடத்தும் விசாரணையாவது ஒவ்வொருவருக்கும் ஒழுங்காக நடக்க வேண்டும்.