மறு: ‘அட்டிக் வென்டிலேஷன்’ – ‘பரண் காற்றோட்டம்’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

உலோகக் கூரைக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘அட்டிக்’ என்பதற்குப் ‘பரண்’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றிவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பரண் என்பது சாமான் ஏற்றி வைக்கும் தட்டு. நாம் பேசுவதோ சரிவான கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் இடைவெளி. போன மடலில் வந்த ‘கூரையறை’யும் எனக்கு ஒட்டவில்லை, அறை என்றால் ஆள் நுழைந்து நிற்க வேண்டும். நான் முன்வைப்பது ‘கூரைக்கூடு’. நெஞ்சுக்கூட்டைப் போல, உள்ளே காற்று போய் வர வேண்டிய கூடு.

‘காற்றோட்டம்’ நல்ல சொல்தான். ஆனால் அது மட்டும் இருந்தால், எங்காவது ஒரு துளை விட்டால் போதும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். என் பழைய மொழிபெயர்ப்பைப் படித்த ஒருவர் முகட்டில் மட்டும் திறப்பு வைத்தார். கீழே இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு, முழுக்கப் பலகை அடித்து மூடியிருந்தது. கீழிருந்து காற்று புகாமல் மேலே இருப்பது எப்படி வெளியேறும்? தெளிந்த வானமுள்ள இரவில் மெல்லிய தகடு தன் வெப்பத்தை வானுக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். கூட்டுக்குள் தேங்கிய ஈரக்காற்று அதில் பட்டதும் நீர் கோத்துச் சொட்டியது. அவர் மழை ஒழுகுகிறது என்று நம்பி, திருகாணிகளையெல்லாம் கழற்றி மாற்றினார். அந்தப் பிழையில் என் சொல்லுக்கும் பங்கு உண்டு. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

ஆகவே புகும் இடத்துக்கும் போகும் இடத்துக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ‘இறவாணக் காலதர்’, ‘முகட்டுக் காலதர்’ என்று வைக்கலாம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் மாளிகைச் சாளரத்தைக் குறிக்க வந்த சொல் இது. சன்னல், சாளரம் இரண்டும் அந்த வேலையை எடுத்துக்கொண்டதால் காலதர் இன்று சும்மா இருக்கிறது. எளிமையாகக் ‘காற்றுவழி’ என்றே சொன்னால் என்ன என்று கேட்கலாம். அந்தச் சொல் வேறோர் இடத்துக்குத் தேவைப்படுகிறது. வெப்பத்தடுப்புப் பஞ்சுக்கும் கூரைப் பலகைக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. இடம் விட வேண்டும் அல்லவா, இரண்டு காலதர்களையும் இணைக்கும் அந்தச் சந்துதான் காற்றுவழி. பஞ்சை இறவாணம் வரை திணித்துவிட்டால் காலதர் இருந்தும் பயனில்லை.

அப்புறம் அளவு. ஐஆர்சி என்னும் அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூட்டின் தளப்பரப்பில் 150-இல் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. மேலும் கீழும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரித்து வைப்பது உள்ளிட்ட நிபந்தனைகள் நிறைவேறினால் 300-இல் ஒரு பங்கு போதும். 90 சதுர மீட்டர் கூட்டுக்கு முதல் கணக்கில் 0.6, இரண்டாவதில் 0.3 சதுர மீட்டர். ஆனால் இது வெட்டிய துளையின் பரப்பு அல்ல. பூச்சிவலையும் சட்டமும் அடைத்தது போக மிஞ்சுவது. இதற்கு ஆங்கிலத்தில் ‘நெட் ஃப்ரீ ஏரியா’ என்று பெயர். பட்டியலில் உள்ள ‘நிகர இலவசப் பரப்பு’ என்பதில் ‘இலவசம்’ தவறான பொருளையே தருகிறது. ‘மெய்த்திறப்பு’ என்று போடுவோம்.

நெளித்தகட்டின் முகட்டில் செருகும் நுரைப்பட்டைக்கு ‘நெளியடைப்பு’ சரி. ஆனால் முகட்டுக் காலதர் உள்ள கூரையில் அதே பட்டையைச் செருகினால் திறப்பு அடைபட்டுப் போகும். காற்று விடும் வகையைப் ‘புழை நெளியடைப்பு’ என்று பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

‘ஸ்டாண்டிங் சீம்’ என்பதற்கு ‘நிற்கும் தையல்’ வேண்டாம், அங்கே தையலே இல்லை. தகட்டு விளிம்புகளை நிமிர்த்தி மடித்துப் பிணைக்கிறார்கள், எனவே ‘நிமிர்மடிப்பு’. அடியில் மறைந்திருக்கும் பிடிக்கு ‘நழுவுபிடி’. 10 மீட்டர் எஃகுத் தகட்டின் வெப்பநிலை 50 பாகை செல்சியஸ் கூடினால் அது சுமார் 6 மி.மீ. நீளும், அலுமினியம் கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதே அந்தப் பிடியின் வேலை.

இறவாணத்தின் அடிப்பக்கத்தை மூடும் ‘சாஃபிட்’ ஒன்றுக்குத்தான் எனக்குச் சொல் பிடிபடவில்லை. ‘இறவாண அடிப்பலகை’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் பல வீடுகளில் அது பலகையே அல்ல, தகடு. தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது அந்த அடிப்பக்கத்துக்குத் தாங்கள் புழங்கும் பெயரைச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.