மக்காச்சோள ரகச் சோதனை: நேட்டால் வயல்களில் கண்டது

கிரேடவுன் உறுப்பினர்:
புது வீரிய ஒட்டு விதையைச் சோதிக்க இடம்தான் முதல் விஷயம். சாம்பல் இலைப்புள்ளி என்னும் பூஞ்சண நோய் 1988-இல் தென்னாப்பிரிக்காவில் தலைகாட்டியதே நம் நேட்டாலில்தான். போன வருஷத்துத் தட்டை மக்காமல் கிடக்கிற, உழாத நிலத்தில் விதையுங்கள். பூஞ்சணம் அதில்தான் தங்கியிருக்கும். சுத்தமாக உழுத நிலத்தில் எல்லா ரகமும் நோய் தாங்குவதுபோலத் தெரியும்.

ஒரு ரகம் விதைக்கும் துண்டுக்கு நாலு வரிசை, வரிசை நீளம் 5 மீட்டர், இடைவெளி 75 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. குழிக்கு இரண்டு விதை போட்டு, நாலு இலை விட்டதும் ஒன்றைப் பிடுங்கிவிடலாம். சரிவு நிலமானால் மேட்டில், நடுவில், பள்ளத்தில் என்று மூன்று தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகமும், சீட்டுக் குலுக்கி வந்த வரிசைப்படி. அக்கம்பக்கத்தார் வழக்கமாகப் போடும் ரகமும் கூட இருக்கட்டும், ஒப்பிட வேண்டுமே. அறுவடையில் நடு இரண்டு வரிசை மட்டும் கணக்கு. ஓர வரிசையில் பக்கத்துத் துண்டின் உயரமான செடி நிழல் போட்டிருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் உறுப்பினர்:
அண்ணன் சொன்னது சரி. நோய் மதிப்பெண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லா ரகத்தையும் ஒரே தேதியில் பார்த்தால், சீக்கிரம் முற்றுகிற ரகம் தானாகக் காய்வதையும் நோய்க் கணக்கில் எழுதிவிடுவோம். பட்டிழை, அதாவது கதிர் நுனியில் வரும் நூல், வந்த நாளை ரகவாரியாகக் குறித்து, அதிலிருந்து மூன்று வாரம் கழித்துக் கதிரை ஒட்டிய இலையைப் பாருங்கள். இலை நரம்புகளுக்கு இடையில் அடங்கிய நீள்சதுரப் புள்ளி சாம்பல் நோய். சுருட்டு மாதிரி நீண்டது இலைக்கருகல். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண்.

புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. விதையையும் சாதாரண விதையையும் ஒரே சோதனையில் கலந்தால் கதிரழுகல் கணக்கு கெடும். புழு துளைத்த வழியாகப் பூஞ்சணம் ஏறும், பழி ரகத்தின் மேல் விழும்.

ஸ்டேஞ்சர் உறுப்பினர்:
ஈரப்பதம் பார்க்காமல் எடை பேசவே கூடாது. நடு இரண்டு வரிசை 7.5 சதுர மீட்டர். ஒரு ரகம் உதிர்த்த மணியாக 6 கிலோ, ஈரம் 20 சதவீதம், இன்னொன்று 5.8 கிலோ, ஈரம் 14. இரண்டையும் ஒரே 12.5 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். முதல் எடையை ஈரம் போக மிச்சமான 80-ஆல் பெருக்கி, 12.5 போக மிச்சமான 87.5-ஆல் வகுத்தால் 5.49 கிலோ, ஹெக்டேருக்கு 7.3 டன். இரண்டாவதை 86-ஆல் பெருக்கி வகுத்தால் 5.70 கிலோ, 7.6 டன். தராசில் தோற்றதுதான் ஜெயித்தது!

அறுவடைக்கு முன் அந்த நடு இரண்டு வரிசையில் செடியையும் எண்ணுங்கள். 33 நிற்க வேண்டிய இடத்தில் 22 நின்றால் காக்கையோ விதைப்போதான் காரணம். அந்தத் துண்டைச் சராசரியில் சேர்க்க வேண்டாம்.