கடைசி நடையும் முதல் நடையும்: வானம் பார்த்த ஊர்களின் பேருந்து அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, கமுதி வட்டாரம்

எங்கள் பள்ளிக்கு வரும் மாணவியரில் பலர் மாலையில் பிரதான சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே நடந்தோ மிதிவண்டியிலோ ஊர் சேர்பவர்கள். அவர்களுடைய ஊர்களுக்குத் தார்ச்சாலை உண்டு. பெரும்பாலான ஊர்களுக்குப் பேருந்தும் உண்டு. ஆனால் அந்தப் பேருந்து காலையில் பள்ளி தொடங்கிய பிறகு ஊருக்குள் வந்து, மாலையில் சிறப்பு வகுப்பு முடிவதற்கு முன்பே தன் கடைசி நடையை, அதாவது கடைசி ஓட்டத்தை, முடித்துவிடுமானால், அது யாருக்காக ஓடுகிறது என்பது எனக்கு விளங்குவதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பெரிய உதவிதான். ஆயினும் இந்த மண்ணில் அதற்கும் பருவம் உண்டு. கோடையில் சாலையோரத்துச் சீமைக் கருவேல முள் டயரில் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் தார் பெயர்ந்த இடங்களில் கரிசல் சகதி சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் அப்பிக்கொண்டு வண்டி நகராது. மழைக்கால மாலையொன்றில் என்னுடைய மாணவியர் இருவர் மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு தரைப்பாலத்தைக் கடந்ததை நேரில் பார்த்தேன். அதன் பிறகு அவர்களுள் ஒருத்தியின் தந்தை சிறப்பு வகுப்புக்கு அனுப்ப முடியாது என்று சொன்னபோது, என்னால் மறுத்துப் பேச இயலவில்லை.

ஆட்கள் குறைவாகவும் ஊர்கள் தள்ளித் தள்ளியும் இருக்கும் நம் வறள் நிலத்தில் எந்த ஏற்பாடு உண்மையிலேயே நிலைத்தது, எது சில மாதங்களில் நின்றுபோனது என்பதை, கேள்விப்பட்டதை விடுத்து நேரில் கண்டதாக எழுதினால் பயன்படும்.

ஓய்வு பெற்ற நடத்துநர், முதுகுளத்தூர் பக்கம்

டீச்சர், நீங்கள் சொல்லும் சிக்கலுக்கு ஒரு காலத்தில் விடை இருந்தது. இரவு தங்கல் வண்டி என்போம். இரவு எட்டரை, ஒன்பது மணிக்குக் கடைசி நடையாக ஊருக்குள் போகும் பேருந்து அங்கேயே நின்றுவிடும். ஓட்டுநரும் நானும் பேருந்திலோ ஊர்ச் சாவடியிலோ படுத்துக்கொள்வோம். விடியற்காலை ஐந்து மணிக்கு அதே வண்டி முதல் நடையாகப் புறப்படும். இரவில் கொசுவும், குளிப்பதற்குத் தண்ணீர் இல்லாததும் எங்களுக்குத் தொல்லைதான் என்றாலும், ஊரார் சோறும் வெந்நீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். மதுரைக்கு மருத்துவமனை போகிறவர், சந்தைக்குக் காய் கொண்டுபோகும் பெண்கள், கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார்கள் எல்லோரும் அந்த ஐந்து மணி வண்டியை நம்பியே இருந்தார்கள்.

தங்கலை நிறுத்தியபோது ஊருக்கு ஒரே அடியில் இரண்டு நடைகள் போயின. இரவு உள்ளே வரும் வண்டியும் இல்லை, காலையில் வெளியேறும் வண்டியும் இல்லை. காரணம் கேட்டால் வசூல் இல்லை என்ற விடைதான் வரும். அந்த வசூலைக் கணக்கிடும் முறையைப் பற்றி முப்பது ஆண்டுக் காலம் பையை மாட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நடைக்கு நடை, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பார்ப்பார்கள். உள் ஊரில் ஏறும் பயணி விலக்கு வரை கொடுப்பது சிறிய தொகை. விலக்கில் இறங்கி மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ மாறி ஏறும்போது கொடுப்பது பெரிய தொகை. அந்தப் பெரிய தொகை பிரதான சாலை வண்டியின் கணக்கில் சேரும். உள் ஊர் வண்டியை வெட்டினால் அந்தப் பயணியே வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு ஒரு நல்ல மாற்றம். பெண் பயணிக்கும் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும், அதன் அடிப்படையில் அரசு ஈடு தருகிறது என்பதால், முன்பு எண்ணிக்கையில் வராமல் போன பெண்கள் இப்போது தாளில் இருக்கிறார்கள். ஒரு வழித்தடத்தை வெட்டக் கூடாது என்று வாதிட அந்தத் தாள் போதும்.

குண்டு மிளகாய் விவசாயி, கடலாடி வட்டாரம்

எங்கள் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த மிளகாய் மூட்டை இன்றும் களத்திலிருந்து சாலைக்கு வருவது குட்டியானை என்னும் சிறிய சரக்கு வண்டியில்தான். தை முதல் சித்திரை வரை பறிப்பும் காயவைப்பும் நடக்கும்போது, இரண்டு மூன்று மூட்டைகள் மட்டும் வைத்திருக்கும் சிறு விவசாயி தனியாக வண்டி பிடித்தால் வாடகையிலேயே லாபம் கரைந்துவிடும். பேருந்தில் ஏற்றலாமென்றால், இருக்கும் ஒரு வண்டியில் ஆள் ஏறவே இடமில்லாத நேரத்தில் நடத்துநர் எப்படி மூட்டைக்கு இடம் தருவார்? ஆகவே எங்கள் ஊரில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் ஒரே வண்டி பேசி, மூட்டைக் கணக்கில் வாடகையைப் பிரித்துக்கொள்கிறோம். யாரும் திட்டமிட்டுச் சொல்லிக்கொடுக்காத இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

கவலை தருவது இன்னொன்று. அதே குட்டியானையின் பின்புறத்தில், மூட்டைகளின் மேல், பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து வருகிறார்கள். சரக்கு வண்டியில் கட்டணம் கொடுத்து ஏறியவருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு ஈடு கிடைப்பது அரிது என்று ஒரு வழக்கறிஞர் விளக்கிய பிறகு, என் மனைவியை அதில் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அடுத்த வீட்டாரை அப்படித் தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர்களுக்கு வேறு வண்டி கிடையாதே. சட்டத்தைக் காட்டி வண்டியைப் பிடிப்பதற்கு முன், ஆள் ஏற்ற அனுமதி பெற்ற ஏழெட்டு இருக்கை வண்டிகளுக்கு உள் ஊர் வழித்தடத்தில் எளிதாக உரிமம் தருவதே முறை என்பது என் கருத்து.

சிற்றுந்து உரிமையாளர், விளாத்திகுளம் பக்கம்

எதிர்த்தரப்பு நியாயத்தையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 1997-இல் தமிழகத்தில் மினிபஸ் திட்டம் வந்தபோது என் தந்தை ஒரு வண்டி வாங்கினார். பேருந்தே போகாத பகுதியில் பெரும்பங்கு தூரம் ஓட வேண்டும், பேருந்து ஓடும் சாலையில் மிகச் சிறிய தூரமே ஓடலாம் என்பது நிபந்தனை. காவிரிப் பாசனத்தில் ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இடங்களில் அது ஒருவாறு கட்டுப்படியாகியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் வெறும் பருத்திக்காடும் கருவேலங்காடும்தான். காலையிலும் மாலையிலும் வண்டி நிறையும், இடைப்பட்ட நேரத்தில் ஓட்டுநரும் நடத்துநரும் மட்டுமே பயணிகள். டீசல் விலை ஏறியதும் பலர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் விதியை மீறிப் பிரதான சாலையிலேயே ஓட்டினார்கள். அதை நியாயப்படுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

2025 ஜூனில் தொடங்கிய புதிய சிற்றுந்துத் திட்டத்தில் வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை நீளலாம், அதில் 65 விழுக்காடாவது பேருந்து வசதியற்ற பகுதியாக இருக்க வேண்டும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். நல்ல முன்னேற்றம். ஆயினும் தனியார் சிற்றுந்தில் பெண்களுக்கும் கட்டணம் உண்டு. விலக்கில் ஒரு மணி நேரம் நின்றாலும் கட்டணமில்லா அரசுப் பேருந்துக்காகக் காத்திருக்கும் அக்காமாரை நான் குறை சொல்லமாட்டேன். நூறு நாள் வேலைக் கூலியில் போகவும் வரவும் பயணச்சீட்டு எடுப்பது அவர்களுக்குச் சிறிய செலவன்று. என்னுடைய கேட்பு இரண்டுதான். சிற்றுந்தில் பயணம் செய்யும் பெண்களுக்கான கட்டணத்தையும் அரசு ஈடுசெய்ய வேண்டும். பகலில் காலியாக ஓடும் நடைகளைக் குறைத்து, சந்தை நாளிலும் பள்ளி நேரத்திலும் கூடுதலாக ஓட்ட அனுமதிக்க வேண்டும்.

ஊராட்சி முன்னாள் உறுப்பினர், திருச்சுழி பக்கம்

மேலே எழுதியவர்கள் தொடாத ஒன்று. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது, சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புக்கும், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதி ஆகியவற்றில் 250 பேர் வாழும் குடியிருப்புக்கும் இணைப்புச் சாலை என்று வரையறுத்தார்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தையும் 2024-இல் மலைப் பகுதிகளுக்கென்று தனியாக விரிவாக்கினார்கள். மலையில் வாழ்வோருக்கு அது தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் பகுதி எந்தக் கணக்கெடுப்பிலும் சமவெளி. 2011 கணக்கெடுப்பில் மாநிலச் சராசரி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் என்றால், பக்கத்து ராமநாதபுரத்தில் அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான்; அதிலும் கடற்கரை நகரங்களைக் கழித்துவிட்டு உள்நாட்டைப் பார்த்தால் இன்னும் குறையும். முந்நூறு பேர் வாழும் கரிசல் குடியிருப்பு மலையேறிப்போய் உட்கார்ந்தால்தான் தகுதி பெறும் போலிருக்கிறது!

கிராமச் சுகாதாரச் செவிலியர், அதே வட்டாரம்

சுருக்கமாக எழுதுகிறேன். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு 108 வருகிறது. பிள்ளை பெற்ற தாயை வீட்டில் கொண்டுவந்து விட 102 தாய் சேய் நல ஊர்தி இருக்கிறது. இடைப்பட்ட மாதப் பரிசோதனைகளுக்குத்தான் வண்டி இல்லை. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கவென்றே விலக்கு வரை நடந்த முதியவர்களின் அலைச்சல் குறைந்ததைக் கண்கூடாகப் பார்க்கிறேன். எல்லாத் தேவைக்கும் ஆளை நகர்த்த வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியாயவிலைக் கடை நடமாடும் வண்டியாக ஊருக்குள் வந்தால் ஒரு பயணம் மிச்சம்.

ஓய்வு பெற்ற நடத்துநர் (மறுமொழி)

சிற்றுந்துத் தம்பி கேட்பதில் சந்தை நாள் பற்றியது சரி. பகல் நடையை அறவே எடுத்துவிடக் கூடாது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வருவது அந்த நேரத்தில்தான்.

டீச்சர் மனு எழுதப் போவதாக இருந்தால் ஒரு யோசனை. ‘பேருந்து வசதி வேண்டும்’ என்று மட்டும் எழுதிய மனுவுக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்ற விடைதான் வரும். எந்த வழித்தட எண், எந்த நடை, எத்தனை மணிக்குப் பதிலாக எத்தனை மணி, அந்த நேரத்தில் ஏறப்போகும் மாணவியர் எத்தனை பேர் என்று எழுதி, பள்ளியின் கடிதத்தை இணைத்து, கிராம சபையில் தீர்மானமாகவும் நிறைவேற்றிக்கொள்ளுங்கள். இரவு தங்கல் கேட்பதானால், ஓட்டுநரும் நடத்துநரும் படுப்பதற்கு ஓர் அறை, கழிப்பறை, தண்ணீர் ஆகியவற்றை ஊராட்சி தருகிறது என்ற வாசகமும் அந்தத் தீர்மானத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் தங்கல் பணியைத் தட்டிக்கழித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.