ஏரியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பழவேற்காட்டுக் கரையிலிருந்து சில அனுபவங்கள்

ஏரிக்கரை ஆசிரியர்:

போன வாரம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், நம்ம ஏரிய யாரு சார் பாத்துக்கிறாங்க?" புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கத்தை 1976லும் நம் பக்கத்தை 1980லும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், வனத்துறை பார்த்துக்கொள்கிறது என்று. அவன் உட்காரவில்லை. "அப்ப எங்கப்பா மம்புட்டி எடுத்துக்கிட்டு முகத்துவாரத்துக்குப் போனாரே, அது எதுக்கு சார்?"

அன்று மம்புட்டியோடு போனவர்களில் நானும் ஒருவன். அதனால் நானே முதலில் எழுதுகிறேன், மற்றவர்களும் உங்கள் பக்கத்துச் சங்கதியை எழுதுங்கள்.

கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில், அதாவது ஏரி கடலோடு சேர்கிற வாயில், கொட்டிக்கொண்டே இருக்கும். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில்தான் ஏரிக்குத் தண்ணீர் தருகின்றன. மற்ற மாதங்களில் அந்த மணலைத் தள்ளிவிட உள்ளிருந்து நீரோட்டம் கிடையாது. வாய் அடைந்தால் இறால் போச்சு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏரிக்குள் வந்து வளரும். பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். வழி மூடினால் குஞ்சு எங்கே வரும்? வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு வேறு ஏறிக்கொண்டே போகும்.

அந்த வருஷம் புரட்டாசி மழையில் ஏரி ஏறிவிட்டது, வாய் மட்டும் திறக்கவில்லை. குப்பத்தில் கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி வைத்து, ஒரு ஜேசிபியை வாடகைக்கு எடுத்தார்கள். அது நிற்க முடியாத ஈர மணலில் ஆட்கள் இறங்கினார்கள். பெரியவர் ஒருவர் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் யாரையும் கடைசி வரப்பை வெட்டவிடவில்லை. கடல் நன்றாக வத்தம் ஆகட்டும், அதாவது தண்ணீர் இறங்கட்டும், ஏரி மட்டம் மேலே நிற்கட்டும், அப்போதுதான் வெளியே பாய்கிற தண்ணீரே மணலை அரித்துக்கொண்டு போகும் என்றார். ஒரு முழ அகலத்துக்குத்தான் வெட்டினோம். பொழுது சாய்வதற்குள் படகு போகிற அகலம் ஆகிவிட்டது. அந்த இரைச்சலை இன்னும் மறக்கவில்லை.

சுத்து வலைக்காரன்:

சார் எழுதினது சரி. வரி வசூல் பண்ணதுல நானும் ஒருத்தன். நான் பாடு பத்திச் சொல்றேன்.

வெளியூர்க்காரங்க வந்து பாத்தா ஏரி பொதுச்சொத்து, யாரு வேணா எங்க வேணா வலை கட்டலாம்னு நெனப்பாங்க. அப்படி இல்ல. முகத்துவாரத்துக்குக் கிட்ட இறால் போற வழியில வலை கட்ட எடங்க இருக்கு, அதுக்குப் பேரு பாடு. இன்னைக்கு எந்த ஊரு முறை, அந்த ஊருல எந்தத் தலைக்கட்டுக்கு எந்தப் பாடுன்னு கணக்கு இருக்கு. சீட்டுப் போட்டுத்தான் எடம். நல்ல எடம் ஒருத்தனுக்கே நிலைக்காது, மோசமான எடமும் ஒருத்தன் தலையிலயே விழாது. முறை இல்லாத நாள்ல நீ வேற தொழில் பாரு, இல்லன்னா வலை பின்னு. இப்படி எல்லாரும் ஒரே நாள்ல எறங்காததால இறாலுக்கும் தப்பிக்க வழி கெடைக்குது. எங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடியிலிருந்து இருக்கற ஏற்பாடு.

இப்ப என் சொந்த விஷயம் ஒண்ணு. மூணு வருஷம் முன்னாடி விடியக்காலைல என் மச்சான் வலையத் தூக்கறப்ப நான் பக்கத்துல இருந்தேன். கண்ணி கொசுவலை மாதிரி. உள்ள இருந்ததுல பாதி நகத்தளவு குஞ்சு, மீதி சினை நண்டு. என் பொண்டாட்டியோட கூடப் பொறந்த தம்பி அவன். பஞ்சாயத்துல சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாள் சோறு எறங்கல. சொன்னேன். வலைய வாங்கி வெச்சாங்க, அபராதம் போட்டாங்க, அவன் முறையில ரெண்டு தடவ நிறுத்தி வெச்சாங்க. ஆறு மாசம் வீட்டுப் பக்கம் வரல. என் பொண்டாட்டி பேசினா, ஆனா சாப்பாடு போடறப்ப தட்டு வெக்கற சத்தத்துலயே கோவம் தெரியும். பொங்கலுக்குத்தான் மச்சான் வந்தான். இப்ப சினை நண்டு மாட்டினா அவனே எடுத்துத் தண்ணில விடறான். ஒரு நண்டு வயித்துல லட்சக்கணக்குல முட்டை, அதக் கொழம்பு வெச்சா ஒரு வேளை சாப்பாடு, அவ்ளோதான்.

ஆந்திரப் பக்கத்து ஆளுங்களோட எல்லைத் தகராறு வர்றப்பல்லாம் எனக்குத் தோணறது ஒண்ணுதான். தண்ணி ஒண்ணு, இறால் ஒண்ணு. ரெண்டு பக்கமும் சேந்து ஒரு முறை வெச்சா நல்லாருக்கும். நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.

சூளூர்ப்பேட்டை மருமகள்:

அண்ணா, நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பொறந்து சூளூர்ப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. நீங்கள் சொல்கிற அந்த ஒரே முறை இந்தப் பக்கமும் வரவேண்டும் என்றுதான் என் மாமனாரும் சொல்வார்.

எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலை ஏரியை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. கார்த்திகை, மார்கழியில் இரண்டு பக்கமும் பூநாரை நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வந்த ஒரு கூட்டம் ட்ரோனைப் பறவைகளுக்கு மேலே விட்டது. மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறக்கும், இவர்கள் கைதட்டுவார்கள், பறவைகள் இறங்கும், மறுபடி விடுவார்கள். பூநாரை காக்கை மாதிரி சட்டென்று கிளம்பாது, தண்ணீரில் ஓடி ஓடித்தான் எழும்பணும். கட்ச் பக்கத்திலிருந்தெல்லாம் பறந்து வந்து இங்கே தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசித் தின்பதே அதற்குப் பெரும்பாடு. சாலையோரம் வேர்க்கடலை விற்கிற கிழவி ஒருத்தி கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போய் அந்தப் பையன் முன்னால் நின்றாள். "வாட்டினி தினனிவ்வண்டி பாபு" என்றாள். அதுகளைத் தின்னவிடுங்கப்பா, அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. பையன் தலைகுனிந்து ட்ரோனை இறக்கிவிட்டான்.

பக்கத்தில் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கூழைக்கடாக்கள் அங்கே குளத்துக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும். தெலுங்கில் கூடபாத்து என்பார்கள். அந்தக் குளத்துத் தண்ணீர் பறவை எச்சத்தால் உரமேறியது, வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் நன்றாக வரும் என்று அங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பறவைக்கு இடம் கொடுத்தால் வயலுக்குச் சத்து. அதனால்தான் அந்த ஊர்க்காரர்களுக்கு விரட்டத் தோன்றவில்லை.

இரவு நடப்பவன்:

நான் கடலாமை முட்டைகளைக் காப்பாற்றக் கடற்கரையில் நடக்கிறவன். தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை, முறை போட்டு, இரவு பதினொரு மணிக்குமேல் நான்கு பேர். எங்கள் குப்பத்தில் இதைப் பங்குனி ஆமை என்றுதான் சொல்வோம்.

டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்வோம். மணலில் டிராக்டர் சக்கரம் போன மாதிரி தடம் இருந்தால் ஆமை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தடம் முடிகிற இடத்தில் குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்த்தால் ஓரிடத்தில் மணல் இளகிக் கொடுக்கும். ஒன்றரை அடி ஆழம், பானை மாதிரி வயிறு, உள்ளே நூறு நூற்றிருபது முட்டை. நாங்கள் போவதற்குள் நாய் முந்திக்கொண்டால் ஓடு மட்டும்தான் மிஞ்சும். சில மணி நேரத்துக்குள், உருட்டாமல், அதே குழி மணலோடு எடுத்துக்கொண்டுபோய் வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கணும். உள்ளே கரு ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். மணல் சூடு ஏறினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. அதனால் வெயில் கடுமையாகும்போது மேலே கீற்றுப் பந்தல் போடுகிறோம்.

நான் சொல்ல வந்தது ஒரு திருவிழா ராத்திரி. ஐம்பதாவது நாள் தாண்டிய ஒரு குழி, மணல் லேசாக உள்வாங்கியிருந்தது. அன்றைக்கு வரும் என்று தெரிந்துவிட்டது. குஞ்சு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும், இயற்கையில் அது கடல் பக்கம். அன்றைக்கோ அம்மன் கோயிலில் சீரியல் செட்டு, டியூப் லைட்டு, கோபுரமெல்லாம் பகல் மாதிரி. ஊர்த் தலைவரிடம் போகப் பயமாக இருந்தது. சாமி காரியத்தில் விளக்கை அணைக்கச் சொல்வதா? தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன். "எத்தனி நாழி ஆவும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். மைக்கை வாங்கினார். "கடக்கர பக்கம் லைட்ட நிறுத்துங்கப்பா, ஆத்தா குட்டிங்க எறங்குதுங்க" என்றார்.

இருட்டில் ஊரே கரைக்கு வந்துவிட்டது. யாரும் தொடவில்லை, குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நூற்றுச் சொச்சம் குஞ்சு, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, அலை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் திருவிழாவில் கடல் பக்கம் சீரியல் செட்டு போடுவதே இல்லை.

2025 ஜனவரியையும் எழுதாமல் இருக்க முடியாது. சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. நடந்த தூரமெல்லாம் கண் பிதுங்கிய பெரிய ஆமைகள். மீன் மாதிரி இல்லை அது, மேலே வந்து மூச்சு வாங்கணும். இழுவை வலைக்குள் மாட்டினால் மூச்சுத் திணறித்தான் சாகும். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது, ஆனால் ஆமை வருவது அதற்கு முன்னாலேயே. அந்த மாதங்களில் கரையோரமாக இழுவைப் படகு வராமல் இருந்தாலே போதும். அந்த வாரம் எங்கள் முறையில் இரண்டு பேர் வரமுடியாது என்றுவிட்டார்கள், பார்க்க முடியவில்லை என்று. அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஓலைக்காரி:

நான் சின்னதா ஒண்ணு. எங்க தெருப் பொம்பளைங்க பனை ஓலையில பெட்டி, கூடை பின்னுவோம். 2019 ஜனவரியில பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தப்ப மீன் விக்கிற அக்காங்க நாலு பேர் எங்ககிட்ட கேட்டாங்க. தண்ணி ஒழுகாத மாதிரி அடியில ரெட்டைப் பின்னல் போட்டுக் குடுத்தோம். நாலு பேர் பதினஞ்சு பேர் ஆனாங்க. வெளியூர்லேர்ந்து நண்டு வாங்க வர்றவங்கதான் இன்னும் கவர் கேக்கறாங்க. கூடைய அடுத்த தடவ கொண்டுவந்தா வெலையில கொறச்சிக் குடுங்கன்னு அக்காங்ககிட்ட சொல்லிருக்கேன்.

கண்டல் நட்டவர்:

எங்கள் பக்கம் நடந்தது தோல்விக் கதை. ஓர் அமைப்பு வந்து, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் அலையாத்திக் கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த கோடையில் ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் பையோடு புதைத்திருந்தார்கள், பிடுங்கும்போது பை மட்டும் வந்தது. அந்த இடம் பள்ளம். ஏற்றத்தில் வந்த தண்ணீர் வத்தத்தில் வடியாமல் தேங்கி, காய்ந்து, உப்புப் பூத்துவிடும். ஆடு மேய்க்கிற பெண்கள் அன்றைக்கே சொன்னார்கள், அங்கே புல்கூட முளைக்காது என்று. யாரும் கேட்கவில்லை.

பிறகு பிச்சாவரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, ஏற்றத்துத் தண்ணீர் உள்ளே வந்து முழுக்க வடிகிற மாதிரி செய்திருக்கிறது. நாங்களும் நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள் வெட்டினோம். நர்சரிக் கன்று வாங்கவில்லை. நம் ஏரியிலேயே நிற்கிற வெண்கண்டல் என்கிற அலையாத்தி மரத்து விதையைப் பொறுக்கிப் போட்டோம். இப்போது இடுப்பளவு நிற்கிறது. ஆடுகளுக்கு மட்டும் அந்தப் பெண்களே தடை போட்டுக்கொண்டார்கள், மூன்று வருஷத்துக்கு.

ஏரிக்கரை ஆசிரியர்:

எல்லாவற்றையும் வகுப்பில் படித்துக் காட்டினேன். தம்பி, கண்டல் நட்டவரே, ஒன்று கேட்கணும். பள்ளிக்குப் பின்னால் பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் அதே மாதிரி உப்புப் பூத்த பள்ளம் ஒன்று இருக்கிறது. விதை எந்த மாதம் பொறுக்கணும், கிளை வாய்க்கால் எவ்வளவு ஆழம் வெட்டணும்? மம்புட்டி எங்களிடம் ஆறு இருக்கிறது. முதலில் கேள்வி கேட்ட பையன் அவன் அப்பாவுடையதையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.